எதிராளியின் கையைக் கட்டியவர்

கட்டுக்காரருக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. அதற்காக அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் நாமும் சிரித்து வைப்போம் என்று அவருக்குத் தோன்றாது. இவன் எதற்காகச் சிரிக்கிறான் என்றுதான் தோன்றும். "சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்துதான் வெச்சிருப்பாரு" என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பொய்யில்லை. அவர் கடவுளை முழுசாக நம்பினார். பக்கத்தில் நின்று கும்பிடுகிறவரைத்தான் நம்பவில்லை.

எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுவது அவர் வேலை. ஒரு ஜன்னல், ஒரு தொட்டி, துணிச் சுருள்கள் அடுக்கிய ஓர் அலமாரி, இவ்வளவுதான் அவருடைய அறை. சுவரெல்லாம் வெள்ளைத் தெறிப்பு. படியில் விழுந்துட்டேன் என்று ஒருவர் கையை நீட்டினால், படியில் விழுந்தால் இந்த இடத்தில் உடையாதே என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் கேட்கமாட்டார். எத்தனையோ வீட்டுச் சண்டைகள் அவர் கைவழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூட அந்த அறைக் கதவைத் தாண்டியதில்லை.

சாயங்காலமானால் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போவார். கையுறை மாட்டுவதற்கு முன்னால் விரலும் மணிக்கட்டும் பிசகாமல் இருக்க ஒரு துணிக்கட்டு போட வேண்டும். அதைக் கட்டுவதற்குத்தான். அந்தப் பழக்கம் மைத்துனனால் வந்தது. மைத்துனனைக் கூடத்தில் எல்லோரும் சிட்டு என்பார்கள். பகலில் வெல்டிங் பட்டறையில் வேலை. ஆள் சிறிசு, கால் தரையில் நிற்காது. அடிக்க வருகிறவனுக்கு அங்கே காற்றுதான் கிடைக்கும். தாய் போன பிறகு அக்காதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். கட்டுக்காரருக்குக் கல்யாணத்தோடு சேர்ந்து கிடைத்த பிள்ளை மாதிரி அவன்.

அந்த வருஷம் ஒரு சேதி வந்தது. கனத்த எடைக்காரர்களின் சாம்பியன், பீரங்கி என்று பெயர் வாங்கியவன், எடை பார்க்காத காட்சிப் போட்டி ஒன்றுக்குச் சிட்டுவைத்தான் கேட்டிருந்தான். பீரங்கி என்ற பேரே அவன் இடது கையால் வந்தது. அந்தக் கை ஒருமுறை வந்து போனால் எதிரே நின்றவனுக்குத் தன் வீட்டு விலாசம் மறந்துவிடும் என்று பேச்சு.

பட்டறையில் இதே பேச்சாகிவிட்டது. "கெட்டிக்காரத்தனம் இருந்தா உசரம் எதுக்குடா? சுத்தி சுத்தி வந்தே அவனைக் களைக்க வெச்சிடுவான் நம்ம சிட்டு" என்றான் ஒருவன்.

"லாரியச் சுத்திச் சுத்தி சைக்கிள் ஓட்டலாம். மோதினா சைக்கிள்தான் நசுங்கும்" என்றான் இன்னொருவன்.

கட்டுக்காரருக்கு இரண்டு பேச்சிலும் அக்கறையில்லை. அவர் யோசித்தது வேறு. அத்தனை பெரிய ஆள்கள் இருக்கும்போது இந்தச் சின்ன ஆளை எதற்காகத் தேடிப் பிடித்துக் கேட்கிறான்? ஜெயித்தாலும் அதில் அவனுக்குப் பெருமையில்லை. தோற்றால் மானம் போகும். யோசிக்க யோசிக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் பீரங்கியின் அண்ணன் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வந்து நின்றதை அவரே கண்ணால் பார்த்தார். தம்பிக்குக் கைக்கட்டு கட்டுகிற ஆள் இந்த அண்ணன்தான். அவன் மாவுக்கட்டுச் சுருள் வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பையில் திணித்துக்கொண்டு போனான்.

அன்றைக்கே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தார். துணிக்கட்டுக்கு அடியில் மாவுக்கட்டை வைத்து நனைத்துவிட்டால் போதும். அது காய்ந்து கல்லாகிவிடும். மேலே கையுறை போட்டால் யாருக்குத் தெரியும்?

மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவன் போகாம நிக்கமாட்டான். நான் சொல்லிப் பாத்துட்டேன். நீங்கதான அவன் பக்கத்துல நிப்பீங்க? தோத்தா தோத்துட்டுப் போறான். எனக்கு அவன் முழுசா வீடு வந்து சேரணும். அது உங்க பொறுப்பு."

"என் பொறுப்புதான்" என்றார் அவர்.

ஆட்டத்துக்கு முன்னால் இந்தக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்தார் கை கட்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆள் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்து, சரி என்று தோன்றினால் கட்டின்மேல் பேனாவால் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் கையுறை. சிட்டுவின் பக்கத்திலிருந்து கட்டுக்காரரே போகிறேன் என்று புறப்பட்டார். அவனுக்குக் கட்டி முடித்த கையோடு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பீரங்கி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முக்காலி கண்ணுக்கே தெரியவில்லை. வலது கை கட்டி முடித்தாயிற்று, அதில் குற்றமில்லை. இடது கையை அண்ணன் அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் பக்கம் மட்டும் கட்டு ஏன் அவ்வளவு தடிமன்?

"அவுருங்க" என்றார் கட்டுக்காரர்.

"எதுக்கு? கண்ணு முன்னாடிதான கட்டுறேன்?"

"நான் உள்ள வர்றதுக்குள்ள பாதி கட்டியாச்சு. அவுருங்க."

"பாருய்யா இவர! திருடன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. என்ன பெரிய போலீசா நீ?"

"போலீஸ் இல்ல. ஆனா மாவுக்கட்டுச் சுருள் யாரு வாங்கிட்டுப் போனாங்கன்னு தெரியும்."

அண்ணன் சுற்றுவதை நிறுத்தினான். பீரங்கிதான் மெதுவாகச் சொன்னான். "அவுத்துக் காட்டுண்ணே."

துணி சுற்றுச் சுற்றாக விழுந்தது. அடியில் மாவும் இல்லை, கல்லும் இல்லை. பஞ்சு இருந்தது. பஞ்சை எடுத்தால், கட்டைவிரலின் அடிப்பாகம் ஊதி, மினுமினுத்து, நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறிக் கிடந்தது.

"தூங்கும்போது அசையாம இருக்க மாவு வெச்சுக் கட்டிக்கிறோம். பகல்ல எடுத்துடுவோம்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

கட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அப்போதும் சந்தேகம் விடவில்லை. வேண்டுமென்றே நமக்குக் காட்டுகிறார்களோ? இவன் இடது கை செத்துக் கிடக்கிறது என்று நான் போய்ச் சொல்ல, நம்பி நம்ம பையன் உள்ளே நுழைய, அதே கையால் போட்டுச் சாய்க்கலாம் அல்லவா? அவர் வீக்கத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினார். பீரங்கி முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவன் மேலுதட்டில் குப்பென்று வியர்த்தது. முகம் நடிக்கும். வியர்வைக்கு நடிக்கத் தெரியாது என்பது கட்டுக்காரருக்கு அந்தச் சின்ன அறை கற்றுக்கொடுத்த பாடம்.

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா மேடை ஏற விடமாட்டாங்கண்ணே. இந்த வருஷத்தோட நிறுத்தப் போறேன். கடைசியா ஒரு தடவை ஏறி இறங்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். பெரிய ஆள் எவன்கூடயும் இந்தக் கையோட நிக்க முடியாது. அதான் உங்க பையனக் கேட்டேன்."

இத்தனை நாள் சோறு இறங்காமல் செய்த கேள்விக்கு விடை இவ்வளவுதான். கட்டுக்காரர் பேனாவைக் கையில் எடுத்தார். அப்போது பீரங்கி அந்தக் கையை அவர் பக்கமாக நீட்டினான்.

"அண்ணே, எங்கண்ணனுக்குக் கட்டத் தெரியல. இறுக்கினா உயிர் போகுது, விட்டா கழண்டுக்குது. நீங்க ஆஸ்பத்திரில கட்டுற ஆளுன்னு சொன்னாங்க. நீங்களே கட்டிவிடுங்களேன்."

சொந்தத் தம்பியின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அண்ணனே எதிர்பார்க்கவில்லை. "டேய், அவரு எதிர்ப்பக்கத்து ஆளுடா!" என்றான்.

"இருக்கட்டும். பாத்தா ஏமாத்துறவர் மாதிரி தெரியல."

யாரையும் நம்பாத மனிதரை ஒருவன் இப்படி நம்பிவிட்டால் அவர் என்னதான் செய்வார்? ஒரு சுற்றைத் தளர்த்திவிட்டால் போதும், அந்தக் கை முதல் அடியிலேயே முடிந்துவிடும். அந்த எண்ணம் அவருக்கு வரவில்லை என்று சொன்னால் அது கடவுளுக்கு அடுக்காது. வந்தது. வந்து, கொஞ்ச நேரம் விரல் நுனியில் நின்றது. பிறகு அவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மணிக்கட்டில் ஆரம்பித்து, கட்டைவிரலைத் தாங்கிப் பிடித்து, தன் ஆஸ்பத்திரி அறைக்கு வருகிறவருக்குக் கட்டுவது போலவே கட்டினார். கட்டி முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

தன் பக்கத்து அறைக்குத் திரும்பியபோது, அவர் எதிராளிக்குக் கட்டிவிட்டார் என்ற சேதி மட்டும் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சிட்டுவின் கோச் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னய்யா, பாக்கப் போனியா, கட்டப் போனியா? நீ யாரு பக்கம்?"

"கட்டு சரியில்ல. சரி பண்ணினேன்."

"அவன் கட்டு சரியில்லன்னா உனக்கென்ன வலிக்குது?"

சிட்டு பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "விடுங்க கோச், எங்க மாமா பூட்ட ரெண்டு தடவை இழுத்துப் பாக்குறவரு. அவரையா சந்தேகப்படுறீங்க? மாமா, உள்ள கல்லு கில்லு இருந்துச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன இருந்துச்சு?"

"கைதான் இருந்துச்சு" என்றார் கட்டுக்காரர். தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டார்.

மூன்று சுற்று ஆட்டம். முதல் சுற்றில் சிட்டு பேருக்கேற்றபடி பறந்தான். தொட்டான், விலகினான், பின்னால் போய் நின்றான். கூட்டம் விசில் அடித்தது. பீரங்கி வலது கையை மட்டும் வீசினான். இடது கை தாடையோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

மூலைக்கு வந்ததும் கோச் சிட்டுவின் காதருகே கத்தினார். "உள்ள போடா! அவன் இடது வரல பாரு. அந்தப் பக்கமா நுழைஞ்சு விலாவுல குடு!"

சிட்டு தலையாட்டினான். ஆனால் அவன் கண் கட்டுக்காரர் பக்கம் போனது. "ஏன் வரலன்னுதான் பயமாயிருக்கு. அவ்ளோ பெரிய கைய சும்மா வெச்சிருக்கான்னா என்னமோ திட்டம் இருக்கு. இல்ல மாமா?"

ஒரு வார்த்தை போதும். அது ஒடிஞ்ச கை, தைரியமா போ. கட்டுக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கை அவரை நம்பி நீட்டிய கை. நோவோடு வந்தவனின் நோவைப் பிறகு தெருவில் விற்பது எந்தக் கட்டுக்காரனுக்கும் அழகல்ல.

"தண்ணி குடி" என்றார்.

இரண்டாம் சுற்றில் வலது கை ஒன்று சிட்டுவின் காதோரம் இறங்கியது. அவன் ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். நடுவர் எண்ண ஆரம்பித்தார். கட்டுக்காரரின் கையில் துண்டு முறுக்கிக்கொண்டது. அதை உள்ளே வீசினால் ஆட்டம் நின்றுவிடும், பையன் முழுசாக வீடு சேர்வான், மனைவிக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். ஆனால் ஜெயிக்கிற வழியை மறைத்துக்கொண்டு தோல்வியை மட்டும் அவர் கையாலேயே கொடுப்பதா? கடவுளே, இவன் எழுந்திருக்கட்டும் என்றார். அப்போதுதான் இரண்டு கண்ணையும் மூடினார். திறந்தபோது சிட்டு எழுந்து நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

மூன்றாம் சுற்று முழுக்கச் சிட்டு நன்றாகவே ஆடினான். ஆனால் தூரத்தில் நின்றே ஆடினான். அந்த இடது பக்கம் வாசல் திறந்தே கிடந்தது. அவன் ஒவ்வொரு முறையும் வாசல் வரை போய், உள்ளே யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்பது போலத் திரும்பி வந்தான். மணி அடித்தது. புள்ளி கூட்டினார்கள். முடி அளவு வித்தியாசத்தில் பீரங்கி ஜெயித்ததாகச் சொன்னார்கள்.

"பெரிய ஆள் பெரிய ஆள்தான்" என்று பட்டறைக்காரன் ஒருவன் எழுந்து போனான்.

கோச் கட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நடைவழியில் பீரங்கியின் கையுறையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இடது கை வெளியே வந்தபோது கட்டை மீறி வீங்கியிருந்தது. அவன் அந்த வழியாக வந்த கட்டுக்காரரைப் பார்த்துத் தலை குனிந்தான். "உங்க கட்டுதான் தாங்குச்சுண்ணே." பின்னால் வந்த சிட்டு அந்தக் கையைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். இரும்புக்கடை, சலவைக்கடை, மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டியாயிற்று. கட்டுக்காரருக்கு அவன் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்ட மனிதர், தன்னை ஒருவன் சந்தேகமாகப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று இன்றுதான் நடந்துகொண்டே தெரிந்துகொண்டார்.

"ஆரம்பத்துலயே தெரியுமா மாமா?"

"தெரியும்."

"கோச் கேட்டப்ப? நான் கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும்."

சிட்டு ஒரு கல்லை எத்தினான். அது உருண்டு சாக்கடையோரம் நின்றது. "நான் உள்ள போயிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருப்ப."

"எனக்கு ஒடிஞ்சிருந்து, அவங்க பக்கத்து ஆளு ஒருத்தர் எனக்குக் கட்டிவிட்டு, அதப் போயி அவன்கிட்ட சொல்லியிருந்தா?"

"அவனெல்லாம் ஒரு மனுஷனான்னு நீ கேட்டிருப்ப."

கொஞ்ச தூரம் போன பிறகு சிட்டு பெருமூச்சு விட்டான். "கோச் சொன்னாரு. போயிருக்கலாம். உங்கள மாதிரியே எனக்கும் சந்தேகம் புடிச்சுப்போச்சு. இது உங்க வீட்டுச் சோறு பண்ற வேலை."

கட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் தோள் தன் தோளில் இடித்ததை உணர்ந்தார். விலகவில்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காதைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். முழுசாகத்தான் வந்திருந்தான். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"தோத்ததுக்கு இந்த முழி முழிக்கமாட்டீங்களே ரெண்டு பேரும். என்ன மறைக்கிறீங்க?"

சிட்டு செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "மாமாவயே கேளுக்கா. இன்னிக்கு ஒரு பெரிய ஆள்கிட்ட அடி வாங்கியாச்சு. இதுக்கு மேல என்னால முடியாது."

அவன் உள்ளே போய்விட்டான். கட்டுக்காரர் வாசலிலேயே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.