மூன்றாவது பிளக்

விஜயதசமிக்கு அடுத்த நாள் என் கார் மிஸ் அடிக்கத் தொடங்கியது. குற்றவாளி நான்தான் என்று எங்கள் வீட்டில் அன்றைக்கே தீர்ப்பும் ஆகிவிட்டது.

அது இரண்டு கதவு வைத்த பழைய யப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் இருக்கலாம், மூன்றாமவர் வந்தால் மடியில்தான். கலியாணத்துக்கு முன்பே என் சம்பளத்தில் வாங்கினேன், பதிவுப் புத்தகமும் என் பெயரில்தான் இருக்கிறது. முரசுமோட்டையிலிருந்து மல்லாவிக்குப் படிப்பிக்கப் போகிற எனக்கு, பஸ் மாறி நசிபட்டு நின்றுகொண்டு போகாமலிருக்க அதைவிட்டால் வழியில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் காரில் எனக்குக் கொள்ளை ஆசை. ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறவர்கள் "றேஸ் ரீச்சர் வாறா, நெல்லைப் பாருங்கோ" என்று பகிடி பண்ணுவார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கும்.

இப்போது திறப்பைத் திருப்பினால் ஸ்ரார்ட் ஆகும், ஆனால் கால் வைக்காமல் விட்டால் ஸ்லோவில் சீராக நிற்காது. காய்ச்சல்காரன் மாதிரி முழுக் காரும் நடுங்கும். புகைக்குழாய் டப் டப் என்று இடையிடையே ஒரு அடியைத் தவறவிட்டு இருமும். கியரைப் போட்டு எடுத்தால் தயங்கித் தயங்கிக் குதிக்கும்.

கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். என் கணவரும் வந்தார். அங்கிருந்த மெக்கானிக் பொனற்றைத் திறந்து, ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இவரைப் பார்த்தான்.

"அண்ணை, இதை ஆர் ஓடுறது?"

"இவாதான்."

"அதுதான்."

அதுதானாம்! எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

"பொம்பிளையள் கிளச்சிலை காலை வைச்சபடிதான் ஓடுவினம் அண்ணை. எஞ்சினுக்குக் கூடாது."

"கிளச் தேய்ஞ்சா கார் இழுக்காது, தம்பி. சும்மா நிக்கேக்கை எஞ்சின் ஏன் நடுங்கோணும்? பிளக்கைக் கழட்டிப் பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

கேட்டவள் நான். அவன் பதில் சொன்னது இவருக்கு. "பிளக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும் அண்ணை. பெற்றோல் பில்டரை மாத்திவிடுறன்." மாற்றினான். திரும்பி வரும் வழியெல்லாம் கார் முன்னைப்போலவே குதித்தது. இவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இது அத்தானின் காதுக்குப் போனதும் அவருக்குக் கொண்டாட்டம். அத்தான் என்றால் இவருடைய தமையன், பக்கத்து வளவு. எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையது.

"குடும்பப் பொம்பிளைக்கு ரெண்டு சீற் காரோ? எஞ்சினையும் நாசமாக்கிப்போட்டா. பளையிலை ஒருத்தன் கேட்டபடி இருக்கிறான், தள்ளிவிட்டிட்டு ஒரு ஸ்கூட்டியை எடுத்துக் குடு," என்று தம்பியிடம் சொன்னார். நான் அதே கூடத்தில் அடுத்த கதிரையில் இருக்கிறேன்!

"அண்ணை சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கெல்லோ," என்றார் இவர். "பழுதாக்கினது நீர்தானே எண்டு அவர் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

பழுதாக்கினது நானில்லை என்று இவர் தமையனிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வரி! அதற்கும் இவருக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் பளைக்காரர் பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் கையெழுத்து வைத்தால் மட்டும் போதுமாம். என் காரை விற்க என்னிடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை குசினியில் சமையலை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தேன். கரண்ட் அடிக்காமலிருக்கக் காலில் தடித்த ரப்பர் செருப்பு, கையில் மடித்த ரப்பர் விரிப்பு. இவரைச் சீற்றில் இருத்தி, "ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு அப்பிடியே இருங்கோ, ஒண்டும் கதையாதேங்கோ," என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தானும் புதினம் பார்க்க வந்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதற்கு அந்தளவும் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும். நாலு சிலிண்டருக்கு நாலு பிளக் வயர். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வேலை செய்கிற சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் திணறும், செத்துக் கிடக்கிறதின் வயரைக் கழற்றினால் ஒன்றும் மாறாது. முதலாவதைக் கழற்றினேன், நின்றுவிடப் பார்த்தது. திரும்பப் போட்டேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. கழற்ற முன் எப்படி நடுங்கியதோ அப்படியே நடுங்கியது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

அந்த எஞ்சினில் பிளக் மேலே தெரியாது, ஆழமான குழிக்குள் இருக்கும். ரோர்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது குழிக்குள் தண்ணீர். மஞ்சள் தண்ணீர். பழைய துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் மஞ்சளும் குங்குமமுமாகச் சகதி வந்தது, கூடவே சந்தன வாசம். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தச் சகதி வழியே வேறெங்கோ பாய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

துணியை அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது என்ன?"

அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "கும்பத்தண்ணி. ஆயுதபூசைக்கு நான்தான் விட்டனான். எல்லாரும் வெளியிலைதான் தெளிக்கிறவை. எஞ்சினுக்கெல்லோ உயிர் இருக்கு, அதுதான் பொனற்றைத் திறந்து செம்போடை விட்டனான்."

செம்போடு! மாவிலையால் நாலு துளி தெளித்திருந்தால் என் கார் இத்தனை நாள் இருமியிருக்காது. இவ்வளவையும் செய்துவிட்டு, என்னைப் பிழை சொன்ன மனுசன் அத்தான்.

குழியைத் துடைத்துக் காயவைத்து, வயர் முனையில் ஏறியிருந்த களிம்பை உரசி எடுத்துப் பூட்டினேன். "இப்ப போடுங்கோ," என்றேன். இவர் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, ஒரு நடுக்கமில்லாமல் ஸ்லோவில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போதாவது இவர்களில் ஒருவர் "பிழை எங்கடைதான்" என்று சொல்வார் என்று நின்றேன்.

அத்தான் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "சாமித்தண்ணி ஒரு நாளும் பழுதாக்காது. அண்டைக்குத் துடக்கோடை ஆரும் காரைத் தொட்டிருப்பினம்."

மாதவிலக்கைத்தான் சொல்கிறார். பூசையன்று நான் பள்ளிக்கூட வாணி விழாவுக்கு இன்னொரு ரீச்சரின் வான் வண்டியில் போய்விட்டேன், காரைத் தொடவேயில்லை. எனக்கு அன்றைக்குத் துடக்கும் இல்லை. இரண்டும் இவருக்கு நன்றாகத் தெரியும். இவர் ஸ்ரேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கோ," என்றேன். இறங்கினார். நான் ஏறி இருந்துகொண்டு மற்றக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஓம் அத்தான், அண்டைக்குத் துடக்குத்தான். இண்டைக்கும் துடக்கு. பளையாளை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டு ஏறுங்கோ, பரந்தன் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வருவம்."

அத்தான் நெருப்பைக் கண்டவர்போலப் பின்னால் போய் வேலியில் முட்டிக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகவே போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ பூசை வந்துபோய்விட்டது. அத்தான் செம்போடு வந்து தன் உழவு இயந்திரத்துக்குத் தெளிக்கிறார், தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குத் தெளிக்கிறார். என் காருக்குக் கிட்ட வருவதில்லை.