மூடுபனி நாளின் வருகைப்பதிவு

காய்ச்சலில் கிடக்கும் மகளின் நெஞ்சில் இன்று மதியம் நீலகிரித் தைலம் தேய்த்தபோது, கட்டபெட்டுக்கு அருகே நான் படித்த ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம் அந்த வாசனையோடு எழுந்து வந்தது. அதை இடித்துவிட்டு இப்போது தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். அன்று எல்லோருடைய ஸ்வெட்டரிலும் தைலம் மணக்கும், ஈரக் கம்பளி வாடையும் கரியடுப்புப் புகையும் அதோடு கலந்திருக்கும், ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து கடைசி பெஞ்சை மறைத்துவிடும் நாட்களில் டீச்சர் முகம் பார்க்காமல் எங்கள் குரலை வைத்தே வருகை குறிப்பார்.

ஆண்டுவிழாப் பாட்டுக்கு ஒத்திகை பார்த்தபோது அவர் என் தோளில் கைவைத்து, "உன் குரலு தகரத்தத் தட்டுனாப்புல இருக்குது கண்ணு. நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் நம்பிவிட்டேன். அதன்பிறகு பனி நாட்களில் என் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று வாயை மட்டும் அசைப்பேன். நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பதிவேட்டில் நான் வராதவளாகவே இருந்தேன்.

"ஒரு பாட்டுப் பாடுங்கம்மா" என்றாள் மகள், கண்ணை மூடியபடி. இவளுக்கு நான் ஒரு தாலாட்டுகூடச் சத்தமாகப் பாடியதில்லை. தெரிந்த பாட்டு ஒன்றை, ஒரு வரி விடாமல், உதட்டிலேயே பாடினேன்.

சற்றுப் பொறுத்து, கண்ணைத் திறக்காமலே கையால் படுக்கையைத் துழாவினாள்.

"அம்மா, இங்கதான் இருக்கீங்களா?"