மயினியின் முன்சீட்டு

திரும்பிப் போகும் நாள் காலையில் மயினி முதலில் தேடுவது இஸ்திரிப்பெட்டியை. சாப்பாட்டு மேசைமேல் போர்வையை நாலாக மடித்து விரித்து, கஞ்சி போட்ட பருத்திச் சேலையை அதில் பரப்பி, கரை வளையாமல் தேய்ப்பார். வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். முற்றத்தில் அண்ணன் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருப்பார். உள்ளே மரச்சீனிக் கிழங்கு வற்றல், பலாக்காய் வறுவல், நெத்தோலிக் கருவாடு. பயண ஜெபத்துக்கு வந்த உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மயினி அவசரப்படமாட்டார். கேரள எல்லையோரத்தில் எங்கள் ஊரான கொல்லயில் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பயணத்துக்குத் தளர்வான உடுப்புத்தான் போடுவார்கள். மயினி மட்டும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஊக்கு குத்தி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கிளம்புவார். விமானத்தில் முன்னால் இருக்கும் வகுப்பில் இலவசமாக ஓர் இடம் தருவார்கள், அதை நன்றாக உடுத்தியவர்களுக்குத் தருவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அண்ணன் மனைவியை நாங்கள் மயினி என்போம். மயினி நர்ஸ். கல்யாணமாகி இரண்டாம் வருடமே வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வருடத்துக்கு ஒரு மாதம் விடுப்பு. எகானமியில் டிக்கெட் விற்றது கூடிப்போனால் சிலரைப் பிசினஸ் கிளாசுக்கு மாற்றுவார்கள் என்று கூட வேலை செய்த ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அப்கிரேடு என்ற சொல் மயினியின் வாயில் நிற்கவில்லை. அவர் அதை 'முன்சீட்டு' என்றே சொன்னார். அண்ணன் அரசுப் பேருந்து ஓட்டுநர். அவருக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு. "நான் தினமும் முன்சீட்டுலதானே இருக்கியேன். அங்க இருந்து என்னத்தக் கண்டேன்? மழையும் மாடும்தான்" என்பார். "உங்க சீட்டு சாயுமா? இது கட்டிலு மாதிரி சாயுமாக்கும்" என்று மயினி பதில் சொல்வார். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி நடுமுதுகில் அவருக்கு ஒரு வலி நிரந்தரமாகத் தங்கியிருந்தது.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் பயணப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தை விசாரித்து எழுதினால் என்ன என்று தோன்றியது. விமான நிலையக் கவுண்டரில் வேலை செய்த இருவரிடமும் ஒரு டிக்கெட் முகவரிடமும் கேட்டேன். மூவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே நிறுவனத்தில் அடிக்கடி பறக்கிறவர்களின் பெயர்களைக் கணினி முதலில் எடுக்கும். பிறகு கூடுதல் விலைக்கு டிக்கெட் வாங்கியவர்கள். அதற்கும் பிறகு, இடம் மிஞ்சினால், தனியாகப் பயணம் செய்கிறவர்கள். ஒரே பதிவில் இரண்டு பேர் இருந்தால் வாய்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உடுப்புக்கு இதில் இடமே இல்லை. கட்டுரை வந்தபோது மயினி விடுப்பில் இருந்தார். தமிழ் பேசுவாரே தவிர, படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து ஓடாது. நானே வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நீ எழுதினதெல்லாம் சரியாக்கும் மக்கா. ஆனா அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தப்பக்கம் ஒரு ஆளு இருக்கும்லா? அந்த ஆளுக்குக் கண்ணு உண்டுலா?" என்றார். சேலைக்குக் கஞ்சி போடுவது நிற்கவில்லை.

முதுகுவலிக்காகத்தான் அவர் அதை விரும்புகிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு என்று ஒரு வருகையின்போது தெரிந்தது. விமானம் இறங்கியதும் முன்வகுப்புக்காரர்கள் முதலில் இறங்குவார்கள். பாஸ்போர்ட் வரிசையில் அவர்களே முதலில் நிற்பார்கள். அவர்களுடைய பெட்டிகளும் முதலில் வரும். திருவனந்தபுரத்தில் வெளியே கம்பித் தடுப்பருகே நிற்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதலில் கதவு திறந்து வருகிறவர்களிடம் சின்னப் பெட்டிகளும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கும். நம்முடைய ஆட்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு கடைசியில் வருவார்கள். மயினி எப்போதும் கடைசியிலும் கடைசி. அதற்குள் வெயில் ஏறியிருக்கும். அண்ணனும் வாடகைக் கார்க்காரரும் ஒரு சுற்றுச் சண்டை போட்டிருப்பார்கள். அண்ணன் மகள் அழுது முடித்து என் தோளில் தூங்கியிருப்பாள். மயினி சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளி வருவார். "என்னத்துக்கு இவ்வளவு சமயம்?" என்பதுதான் அண்ணன் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கும். அன்றைக்குக் காரில் வரும்போது மயினி யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "ஒருக்காவது உங்களுக்க மொகம் வாடுததுக்கு முன்ன வந்து நிக்கணும்." வருடத்தில் ஒரு மாதம் குடும்பத்தோடு இருக்கிறவருக்கு அதன் முதல் நிமிடம் எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

அந்த ஆசைக்கு எதிரியாக இருந்தது கணினி மட்டுமல்ல. எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல்முறை கடல் தாண்டுகிற பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டார்கள். யார் எப்போது போகிறார்கள் என்று விசாரித்து, அதே விமானத்தில், முடிந்தால் அதே பதிவில் டிக்கெட் எடுத்து அவரிடம் ஒப்படைப்பார்கள். மயினி விடுப்பில் வந்திருக்கிறார் என்று தேவாலயத்தில் தெரிந்தாலே போதும். வெள்ளறடையிலிருந்து ஜீப்பில் வருவார்கள், காஞ்சிரங்குளத்திலிருந்து பைக்கில் வருவார்கள். "சிஸ்டர் கூட உண்டுங்கி, பின்ன எங்களுக்குப் பேடியும் பயமும் இல்ல" என்று வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். திரும்பி வரும்போதும் அப்படித்தான். அங்கிருந்து விடுப்பில் வருகிறவர்கள் மயினியின் தேதிக்காகக் காத்திருப்பார்கள். அத்தனை வருடங்களில் மயினி தனியாகப் பறந்ததே இல்லை. தனியாகப் போகிறவர்களுக்குத்தான் முன்சீட்டு என்று நான் வாசித்துக் காட்டிய பிறகும் அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை.

ஒருமுறை முன்சீட்டு கைக்கெட்டும் தூரம் வந்தது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் விமானம். கூட வந்தவள் காஞ்சிரங்குளத்துக் கடற்கரைக்காரி. அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். அம்மா செத்த செய்தி கேட்டு அழுதுகொண்டே வந்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் மயினியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்னால் ஓர் இடம் இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "ரெண்டு உண்டா மோளே?" என்றாராம் மயினி. ஒன்றுதான் என்றாள் அவள். மயினி மறுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது எங்களைவிட அதிகம் சிரித்தவர் அவர்தான். "கேட்டியளா, எனக்க சேலைக்கு வந்த சீட்டாக்கும் அது. விமானம் பொங்கின உடனே அந்தப் பிள்ளை அதே சேலையில கக்கி வச்சிட்டா." அண்ணன், "நீ ஒரு புத்தியில்லாத மண்டியாக்கும்" என்றார். "ஆமா, மண்டிதான். நான் முன்னால போயிருந்தா அவ யாருக்க தோள்ல கெடந்து கரைவா?" என்றார் மயினி. அன்றும் அவர் கடைசியாகத்தான் வெளியே வந்திருந்தார். அண்ணனின் முகம் அன்றும் வாடித்தான் இருந்தது.

வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்பிய பயணத்தில் மட்டும் யாரும் துணைக்கு வரவில்லை. விடுப்புக் காலம் இல்லை என்பதால் அப்படி அமைந்தது. நாங்கள் மூன்று பேர் அழைக்கப் போனோம். அண்ணன் ஓய்வு பெற்றிருந்தார், அவருடைய மகள் கல்லூரி முடித்திருந்தாள். விமானம் இறங்கும் நேரம் எங்களுக்குத் தெரியும். மயினி வெளியே வரும் நேரம் அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் வழியில் பாலராமபுரத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். "பைய போவலாம். உங்கம்மை எப்பவும் கடைசியிலதான் வருவா" என்று அண்ணன் மகளிடம் சொன்னார். சாயாவும் பழம்பொரியும் வந்தன. வெயில் இன்னும் ஏறாத காலை. அண்ணன் அன்று மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, கார்க் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். மகள் கேலி செய்தாள். "இனி திருப்பி அனுப்பண்டாம்லா, அதாக்கும்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் இறங்கிவிட்டதாகப் பலகை காட்டியது. கம்பித் தடுப்பில் நல்ல இடம் பார்த்து நின்றோம். கதவு திறந்து திறந்து மூடியது. அட்டைப்பெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அண்ணன் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். மகள் கைபேசியை உயர்த்திப் படமெடுக்கத் தயாராக நின்றாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அண்ணனின் தோளைத் தட்டியது. "யாரைப் பாத்து நிக்கியது?" என்று குரல் கேட்டது.

கசங்காத சேலையில் மயினி நின்றிருந்தார். பக்கத்தில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. அந்தக் கயிற்றில் முன்வகுப்புப் பெட்டிகளுக்குக் கட்டும் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. அன்று முதலில் கதவு திறந்து வெளியே வந்தவர்களில் அவர் ஒருவர். கம்பித் தடுப்பு முழுக்கக் கண்ணால் தேடியிருக்கிறார். எங்களில் ஒருவரும் இல்லை. அவருடைய இந்திய சிம் காலாவதியாகிவிட்டதால் பேசவும் வழியில்லை. ஒரு தூண் பக்கமாக வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறார். நாங்கள் வந்ததையும், அவருக்கு முதுகைக் காட்டி வரிசையில் இடம்பிடித்ததையும் பார்த்திருக்கிறார். உடனே கூப்பிடவில்லை.

காரில் மகள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். சீட்டு உண்மையாகவே கட்டில்போல் சாய்ந்ததாம். கண்ணாடித் தட்டில் சாப்பாடு தந்தார்களாம். நன்றாக உறங்கினீர்களா என்றேன். "எங்க உறங்க மக்கா? உறங்கினா அதுல கெடந்தது எனக்கெப்படித் தெரியும்?" என்றார். அண்ணன் சாலையைப் பார்த்து வண்டி ஓட்டினார். நெய்யாற்றின்கரை நெரிசலில் வண்டி நின்றபோது, "கொஞ்சம் முன்ன வந்திருக்கலாம்" என்றார். மயினி அவர் பக்கம் திரும்பினார். "அதுக்கென்ன? கொஞ்சம் தள்ளிப் போயி, பக்கவாட்டில நின்னு உங்க மொகத்தைக் கண்டேன். நான் வாறதுக்கு முன்ன அது எப்படி இருக்கும்ணு இண்ணைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது." பிறகு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் மயினி எங்களோடு இருந்தது சில வருடங்கள்தான். வயிற்றில் ஒரு கட்டி என்றார்கள். தெரிய வந்தபோதே முற்றியிருந்தது. அண்ணன் மகளும் நர்சாகி இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். எனக்கும் இடையில் ஒருமுறை, வேலை விஷயமாகப் பறந்தபோது, கேட்காமலே முன்வகுப்பில் இடம் கிடைத்தது. தனியாகப் போனேன், அவ்வளவுதான் என்னுடைய தகுதி. இருக்கையை முழுதாகச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மகள் வரும் நாட்களில் அண்ணனை விமான நிலையத்துக்கு அழைத்துப் போவது நான்தான். பாலராமபுரத்தில் வண்டி நிற்பதில்லை. விமானம் இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே கம்பித் தடுப்பில் அவருக்கு இடம் பிடித்தாக வேண்டும். போன மாதமும் போயிருந்தோம். விமானம் இறங்கியது, முன்வகுப்புக்காரர்கள் வந்தார்கள், பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. எங்கள் இரு பக்கமும் நின்ற எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் பார்த்தார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் மட்டும் திரும்பி, தனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார்.