செல்வி சொன்னது அதுவல்ல

திருச்சானூரில் ஒரு லாட்ஜின் சலவைப் பிரிவில் நானும் செல்வியும் வேலை செய்தோம். அவள் அரக்கோணம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள், தெலுங்கு தெரியாது. நான் எல்லையோரத்து விஜயபுரத்துக்காரி, எனக்குத் தமிழ், தெலுங்கு இரண்டும் வரும். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை மெஷினில் ஒருநாள் அவளுடைய வலது கை சிக்கி விரல்கள் போய்விட்டன.

நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். விசாரணைக்குத் துணையாக நானும் லீவு போட்டுப் போனேன். எப்படி நடந்தது என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். அதைத் தமிழில் சொன்னவர் எங்கள் லாட்ஜ் மேனேஜர்.

"மெஷின் மூடி ஒடைஞ்சி கெடந்திச்சி சார். சூப்பர்வைசராண்ட சொன்னேன். பரவால்ல, ஓட்டிக்கினு இருன்னாரு," என்றாள் செல்வி.

மேனேஜர் அதிகாரியிடம் தெலுங்கில் சொன்னார்: "பேசிக்கொண்டே வேலை செய்தாளாம். தன் தப்புதான் என்கிறாள்."

அதிகாரி எழுதிக்கொண்டார். செல்வி ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்று, "சார், அவள் அப்படிச் சொல்லவில்லை," என்று தெலுங்கில் சொன்னேன்.

மேனேஜர் தமிழில், "நாளைக்கு உனுக்கு வேல வேணுமா, வேணாமா?" என்றார்.

அதையும் அதிகாரிக்குத் தெலுங்கில் சொன்னேன்.

அவர் எழுதியதை அடித்துவிட்டு, என்னை வைத்து மறுபடி விசாரித்தார். செல்விக்கு நஷ்டஈடு கிடைத்தது. எனக்கு வேலை போனது. அதற்காக நான் வருந்தவில்லை.

ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. விரல்கள் போனவளின் பேச்சை, அவை போகக் காரணமானவர்களின் வாயால் கேட்பது அந்த அறையில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. அன்று எனக்கு லீவு கிடைக்காமல் போயிருந்தால், தன்மேல் தானே பழி போட்டுக்கொண்டவளாகச் செல்வி ஊர் திரும்பியிருப்பாள்.