மனைக்கல்லில் கட்டிய கிடா

இன்று உத்திரமேரூர் கடைத்தெருவில் களாக்காயின் புளிப்பு வாசனை பட்டதும், எங்கள் ஊர் மேய்ச்சல் காட்டின் முட்புதர்களும், காடைகள் கத்தும் காலைகளும், ஆட்டு மணிச் சத்தமும் ஒன்றாக வந்து நின்றன.

அந்தப் புறம்போக்கை வீட்டுமனையாக்கப் பொக்லைன் வந்த அன்று, ஆடு மேய்க்கும் என் அம்மா மற்ற பெண்களோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எய்ந்துரும்மா, வேல கீது" என்றார் டிரைவர்.

"எங்க ஆடுங்க எங்க நைனா மேயும்? அத்த சொல்லு, எய்ந்துக்கறோம்."

அவர் வண்டியைத் திருப்பினார். ஊர்க்காரர்கள் கோர்ட்டில் போட்ட வழக்கு முடியும்வரை பெண்கள் முறைவைத்துக் காட்டைக் காத்தார்கள்.

அது மேய்ச்சல் நிலம்தான் என்று தீர்ப்பு வந்ததும், அங்கே நட்டிருந்த மனைக்கற்களைக் குலவையிட்டுப் பிடுங்கினார்கள். அம்மா ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, வாசலில் ஆழமாக நட்டு, அதில் எங்கள் கிடாவைக் கட்டினாள்.