மாம்பழக் கலர் மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் சுகன்யா ஃபோன் செய்தாள். கிண்டியில் ஆபீஸ் வாசலில் நின்றபடி கேட்டேன்... உள்ளே போகவில்லை. அப்படியே பஸ் ஏறிப் பெரும்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன்.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. நான் பேஸ்மென்ட்டில், ஊழியர்களின் பையையும் ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டர். கடைக்குள் ஊழியர் யாரும் ஃபோன் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே ரூல்.

அக்காவுக்குச் சுகர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டாயம் இன்சுலின் போட வேண்டும். ஆனால் கஸ்டமர் முன்னால் புடவையை விரித்துவிட்டால் அக்காவுக்குச் சாப்பாடும் மறந்துவிடும், ஊசியும் மறந்துவிடும்.

ஒரு ஆடித் தள்ளுபடியில் மயங்கியே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்றை அவர் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன்.

அலாரத்துக்கு நம் குரலையே பதிவு செய்யலாம் என்றேன். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் சேல்ஸ் குரல்தானே... தன்னையே கஸ்டமராக்கிக் கூப்பிட்டார்.

“வாம்மா மல்லிகா, ஊசி புச்சா வந்துகீது, ஒருவாட்டி பாத்துட்டுப் போம்மா.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஆப் எல்லாம் சரி. ஃபோன் என் ஷெல்ஃபில், அக்கா மூன்றாவது மாடியில். தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு அது என்னைத்தான் வாம்மா வாம்மா என்று கூப்பிட்டது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அலாரம் அடித்ததும் நான் என் கவுன்ட்டரில் இருந்த அறிவிப்பு மைக்கில் சொல்வேன், மூன்றாவது மாடி மல்லிகா, மாம்பழக் கலர் கீழே வந்திருக்கிறது என்று. சூப்பர்வைசர் சரக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அக்கா ஊசி போட இறங்கி வருவார்.

ஒருநாள் மயிலாப்பூர் மாமி ஒருவர் அறிவிப்பைக் கேட்டுவிட்டு அக்கா பின்னாலேயே வந்துவிட்டார். அந்தக் கலரைத்தான் நாலு கடையாகத் தேடுகிறாராம். வந்து பார்த்தால் அக்கா என் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வயிற்றில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“எங்காத்துலயும் இதே ஊசிதான். நீங்க சாப்ட்டுட்டு மெதுவா வாங்கோ, நான் மேல உக்காந்துண்டிருக்கேன்” என்றார் மாமி. நிஜமாகவே காத்திருந்தார். அக்காவும் விடவில்லை, குடோன் வரை போய் ஒரு மாம்பழக் கலரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

இரண்டு வருடம் முன்பு நான் கிண்டிக்கு வேலை மாறினேன். மைக்கை எடுத்துக்கொண்டு போக முடியாதே... அதனால் தினமும் காலையில் சுகர் பார்த்து, மீட்டரை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டிஷன் போட்டேன். இருநூறைத் தாண்டினால் ஃபோனில் கத்துவேன். ஒருநாள் வராவிட்டால் இன்னும் அதிகமாகக் கத்துவேன்.

கொஞ்ச மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம் ஃபோட்டோ வந்தாலே போதும் என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் நின்றபடியே ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடுவேன்.

நேற்று காலை வரை ஃபோட்டோ வந்தது. 142. நான் கட்டைவிரல் போட்டேன்.

காலில் ஒரு புண்ணாம். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் ஐந்நூறுக்கு மேலே...

142 எங்கே, ஐந்நூறு எங்கே? எனக்குப் புரியவில்லை. சுகன்யாதான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“சுகர் பாக்குற ஸ்ட்ரிப் தீந்து மூணு வாரம் ஆச்சுக்கா. அனுப்பலன்னா நீ கத்துவ, அப்பால லீவ் போட்டுக்கினு ஓடியாந்துருவன்னு, அம்மா பழைய ஃபோட்டோவையே அனுப்பிக்கினு இருந்துச்சு.”

அங்கேயே உட்கார்ந்து வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். 142. 142. 142. மீட்டர் ஓரத்தில் அதே வெண்டைக்காய், பாதி நறுக்கியது. பதினெட்டு நாளும் அதே வெண்டைக்காய். அதற்குக் கீழே என்னுடைய பதினெட்டு கட்டைவிரல்.

ஒரு நாள்... ஒரே ஒரு நாள் அந்த வெண்டைக்காயைப் பார்த்திருக்கலாம்.

அக்கா மேல் எனக்குக் கோபம்தான். என் மேல் அதைவிடக் கோபம்.

அக்காவை எடுத்துப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தோம். மாலைகளுக்கு நடுவே, சார்ஜில் கிடந்த அக்காவின் ஃபோன் திடீரென்று பேச ஆரம்பித்தது.

“வாம்மா மல்லிகா, ஊசி புச்சா வந்துகீது...”

பன்னிரண்டே முக்கால். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சுகன்யாவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. ஃபோனை என் கையில் கொடுத்தாள்.

மருந்து எடுத்துக்கொண்டீர்களா என்று திரையில் கேட்டது. கீழே இரண்டு பட்டன். ஆம். பிறகு.

ஆம் என்று எப்படி அழுத்துவது... பிறகு என்பதை அழுத்தினேன்.

பத்து நிமிடத்தில் அக்கா மறுபடி கூப்பிட்டார்.

போய்ட்டு வாங்கக்கா.