ஆர்லிஸ் நீமி வசிக்காத டிரெய்லர்

அக்டோபர் பாதி தாண்டினால் மினசோட்டாவின் வடக்கில் ஏரிக்கரை முகாம்கள் மூடிவிடும். கோடைக்கு வந்தவர்கள் படகைக் கரையேற்றி, சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்து வீட்டுக்குத் திரும்புவார்கள். கிளம்புமுன் எல்லோரும் தேடுவது ஆர்லிஸ் நீமியை. குழாய்க்குள் ஒரு மிடறு தண்ணீர் தங்கினாலும் போதும், உறைந்து குழாயைப் பிளந்துவிடும். ஆர்லிஸ் வந்து வெந்நீர்த் தொட்டியை வடிப்பாள், குழாய்களைக் காற்றடித்து ஊதுவாள், பிறகு குளிருக்கு உறையாத ரோஸ் நிறத் திரவத்தைப் பம்பு வைத்து உள்ளே ஏற்றுவாள். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் வரும்வரை நிற்பாள். கால் கழுவ வெளிப்பக்கம் வைத்திருக்கும் சின்ன ஷவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவள் மறப்பதில்லை.

இப்படி ஊரார் டிரெய்லர்களையெல்லாம் மூடிவிட்டு அவள் போய்ப் படுப்பதும் ஒரு டிரெய்லரில்தான். அதை மட்டும் மூட முடியாது. மூடினால் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

டிரெய்லரில் வாழ அவள் ஆசைப்பட்டதில்லை. மருந்துக்கடை மாடியில் பல வருஷம் வாடகைக்கு இருந்தவள். கடைக்காரர் அந்த மாடியை வார இறுதி விருந்தாளிகளுக்கு விட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், அவரைப் பார்த்து அடுத்தவர். இப்போது ஊரில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் குடியிருப்பவர்களுக்குத்தான் பஞ்சம். ஊர்ச் சபைத் தலைவியின் ஏரிக்கரை மாளிகையில் குளிர்காலம் முழுக்க ஆளில்லாமலே கணப்பு எரிகிறது. உள்ளே ஒரு பியானோ இருக்கிறது, அதற்குக் குளிர் ஆகாதாம்.

குளிரில் மனிதர்கள் டிரெய்லரில் வாழ்வது மனிதத்தன்மைக்கு அடுக்காது என்று தீர்மானம் போட்டதும் அதே சபைதான். வேறு எங்கே வாழ்வது என்பதைப் பற்றி அன்றைக்குப் பேச நேரமில்லை. ஆள் இருப்பது தெரிந்தால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். தெரிந்துகொள்ள ஒரு சோதனையும் வகுத்தார்கள். சபையின் ஆள் வந்து சமையலறைக் குழாயைத் திறப்பார். ரோஸ் வந்தால் அங்கே யாரும் வசிக்கவில்லை என்று அர்த்தம். மனிதர் இருக்கிறாரா என்று பார்க்க மனிதரைப் பார்க்க வேண்டியதில்லை, குழாயைப் பார்த்தால் போதும் என்று கண்டுபிடித்த சபை அது.

சரி, குழாய்தானே வேண்டும் என்று ஆர்லிஸ் முடிவு செய்தாள். சமையலறைக்குப் போகும் குழாயை வெட்டி அடைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ரோஸ் கேன் ஒன்றையும் குட்டிப் பம்பு ஒன்றையும் ஒளித்து, மேலேயிருந்த குழாயை அதோடு இணைத்தாள். குளியலறைப் பக்கம் நல்ல தண்ணீர் அப்படியே இருந்தது. முகாமில் தண்ணீரை நிறுத்திவிட்டதால் பெட்ரோல் பங்க்கிலிருந்து பிடித்துவந்து வண்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டாள். அடியில் காற்றுப் புகாமலிருக்க வண்டியைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கினாள்.

நகரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து டிரெய்லர் கோர்டி பெல்கோனன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"வைக்கோல் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"குதிரை வாங்கப் போறேன்னு சொல்லுவேன்."

"அதெல்லாம் வேணாம். மேல நாலு பூசணிக்காய எடுத்து வை. அலங்காரம்னு நெனச்சுக்குவானுங்க. அலங்காரத்த நிறுத்தச் சொல்லி இந்த ஊர்ல எவனும் சட்டம் போட மாட்டான்."

வைத்தாள்.

முதல் பனி விழுந்த வாரம் டுவேன் ஸ்லெட்டன் வந்தான். அவளோடு பள்ளியில் படித்தவன், இப்போது சபையின் ஆள்.

"உள்ள வரலாமா, ஆர்லிஸ்?"

"வா, டுவேன். நான் இங்க இல்ல. காபி இருக்கு."

கோப்பையை வாங்கிக் குடித்தான். காபிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அடுப்பருகே உலர்ந்துகொண்டிருந்த கம்பளிக் காலுறைகளையும், கீழே தூங்கிய பூனையையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தான். அடியில் பம்பு முனகியது. குழாயில் சிக்கியிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேற, ரோஸ் அவன் கையிலும் சட்டையிலும் தெறித்தது. ஊரெல்லாம் காற்று ஊதி விடுகிறவள் தன் குழாயில் காற்றை வெளியேற்ற மறந்திருந்தாள்.

"ரோஸ்தான்," என்றான் டுவேன். கை பிசுபிசுத்தது. யோசிக்காமல் இரண்டு எட்டு வைத்துக் குளியலறைக்குள் போய்விட்டான்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆர்லிஸ் அடுப்பை அணைத்தாள். எதற்கு அணைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு அவளுடைய துண்டில் கையைத் துடைத்தபடி அவன் வெளியே வந்தான்.

"வெந்நீராவே வருது."

"ம்."

"சோப்பு வாசனையா இருக்கு."

"சுத்தி வளைக்காத, டுவேன். இழுத்துட்டுப் போறதுன்னா சொல்லு. பூனைய முதல்ல எறக்கணும்."

அவன் துண்டை மடித்து வைத்தான். "சட்டத்துல சமையலறைக் குழாய்னுதான் இருக்கு. கை கழுவுறதப் பத்தி ஒண்ணும் இல்ல."

அவள் மூச்சு திரும்பியது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஒட்டுத்தாளை எடுத்தான். 'இங்கே எவரும் வசிக்கவில்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கண்டதும் திரும்பிய மூச்சு கோபமாக மாறியது.

"என் காபியக் குடிச்ச. என் சோப்புல கை கழுவின. இப்ப நான் இல்லன்னு ஒட்டப் போறியா?"

"இருக்கேன்னு ஒட்டட்டுமா? திங்கக்கெழம வண்டி வரும். எங்க போவ?"

"அந்தப் பியானோவோட போய் இருந்துக்கறேன். அதுக்கும் பேச்சுத் துணைக்கு ஆளில்லையாம்."

டுவேன் சிரித்தான். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

வெளியே தகரக் கதவு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. தாளை ஒட்டினான், உரிந்து விழுந்தது. மறுபடி ஒட்டினான், பறந்துபோய்ப் பூசணிக்காயின் மேல் உட்கார்ந்தது.

"குளிருக்குப் பசை பிடிக்க மாட்டேங்குது. கதவுல தாள் இல்லன்னா வேற ஆள அனுப்புவாங்க, ஆர்லிஸ். அவன் எல்லாக் குழாயையும் தெறந்து பாப்பான்."

அவள் உள்ளே போய்த் தலைமுடி உலர்த்தும் மிஷினை நீள வயரோடு எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் கதவுக்குச் சூடு காட்ட, அவள் தாளை வைத்து உள்ளங்கையால் எழுத்து எழுத்தாக அழுத்தித் தேய்த்தாள். பிறகு பனியில் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். இடப்பக்கம் சற்றே தூக்கிக்கொண்டிருந்தது.

"அந்த ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம் சூடு காட்டு," என்றாள்.